எல்லாம் அடங்கிய கார் காப்பீடு என்று எதுவும் இல்லை

காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாகிவிட்டது, இனி எது நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் கார் வாங்கும் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. ஷோரூமில் விற்பவர் அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறார். ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுக்கும் முகவரும் அதையே சொல்கிறார். வெள்ளமோ விபத்தோ வந்து, ஒர்க்‌ஷாப் பில்லில் ஒரு பெரிய தொகையைக் கையிலிருந்து கட்டிய மறுநாள் அதே வீட்டில் பேச்சு தலைகீழாக மாறுகிறது. "எல்லாம் ஏமாத்து வேலை. போலீசுக்குக் காட்ட தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் போதும்" என்று முடிவுகட்டுகிறார்கள்.

எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். முதலாமவர் பாலிசியைப் படிக்காமல் நம்பினார்; இரண்டாமவர் படிக்காமல் வெறுக்கிறார். இருவருமே அதைக் காருக்குக் கொடுத்த பொதுவான வாக்குறுதியாக எடுத்துக்கொண்டவர்கள். அது அப்படிப்பட்ட வாக்குறுதி அல்ல. எந்தச் சம்பவம் நடந்தால், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு வரை பணம் தரப்படும் என்று வரையறுத்த ஒப்பந்தம். அந்த வரையறைக்கு உள்ளே அது உறுதியானது; வெளியே ஒரு ரூபாயும் தராது. அதைவிட முக்கியமாக, அந்த ஒப்பந்தத்தின் விலைமதிப்பற்ற பகுதி காரின் தகட்டைப் பற்றியதே அல்ல, மனிதர்களைப் பற்றியது. நம்புகிறவரும் வெறுப்பவரும் ஒன்றுபோலத் தவறவிடுவது அந்தப் பகுதியைத்தான்.

பட்டியல் ரகசியமானது அல்ல

கம்பெனிகள் பொடி எழுத்தில் எதையோ மறைத்து வைத்து ஏமாற்றுகின்றன என்ற குற்றச்சாட்டிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் ஃபுல் இன்சூரன்ஸ் என்று அழைக்கப்படும் தனியார் கார் பேக்கேஜ் பாலிசியின் அடிப்படை வாசகம் 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வகுக்கப்பட்டது. 2007-ல் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் கம்பெனிகளுக்குக் கிடைத்தது. ஆனால் அடிப்படைப் பாலிசியின் வாசகம் எல்லாக் கம்பெனிகளிலும் ஏறத்தாழ அதேதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோர் கையிலும் இருக்கும் ஒன்றை ரகசியம் என்று சொல்ல முடியாது.

அந்தப் பட்டியல் மேலோட்டமாகப் பார்த்தாலே பெரியது. தீ, வெடிப்பு, தானாகப் பற்றிக்கொள்ளுதல், மின்னல்; களவு; கலவரம், வேலைநிறுத்தம்; நிலநடுக்கம்; வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை; வெளிக் காரணத்தால் நேரும் விபத்து; பிறர் வேண்டுமென்றே செய்யும் நாசம்; பயங்கரவாதச் செயல்; நிலச்சரிவு, பாறைச்சரிவு; காரை லாரியிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோகும்போது நேரும் சேதம். வாசலில் நிறுத்திய கார்மீது வேப்பமரம் சாய்ந்தாலும் இதில் அடங்கும். ஊட்டி மலைப்பாதையில் பாறை உருண்டு வந்து விழுந்தாலும் அடங்கும். காரை உரிமையாளர் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் தவறு. அவருடைய சம்மதத்தோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு தொடர்கிறது.

விலக்குகளும் அதே தெளிவோடு எழுதப்பட்டிருக்கின்றன. தேய்மானம், பழமையால் வரும் சிதைவு, இயந்திரக் கோளாறு, மின் கோளாறு, நேரடிச் சேதத்தைத் தொடர்ந்து வரும் பின்விளைவு இழப்பு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. கார் சேதமாகாமல் டயர் மட்டும் வெடித்தால் கிடையாது. குடித்துவிட்டு ஓட்டினால் கிடையாது. காருக்குள் வைத்த லேப்டாப்போ நகையோ களவு போனால் கிடையாது. பாலிசியில் குறிப்பிடாமல் பின்னால் பொருத்திய சிஎன்ஜி கிட்டுக்கும் விலையுயர்ந்த மியூசிக் சிஸ்டத்துக்கும் கிடையாது. விபத்தில் முடங்கிய காரை இழுத்துச் செல்லும் செலவுகூட அடிப்படைப் பாலிசியில் 1,500 ரூபாய் வரைதான். திண்டிவனம் அருகே அப்படி நின்றுபோன காரைச் சென்னைக்கு ஏற்றி வர மீட்பு வண்டிக்காரர் கேட்கும் தொகை அதை எளிதாகத் தாண்டிவிடும்.

"பணம் கட்டுகிறோமே, எல்லாவற்றையும் ஏன் சேர்த்துத் தரக்கூடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. காப்பீடு என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற இழப்பைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பிரேக் பேடு தேய்வது நிச்சயம். கிளட்ச் ஒருநாள் போவதும் நிச்சயம். நிச்சயமான செலவை இந்தப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தால், காரைப் பொறுப்பாகப் பராமரிப்பவர் பராமரிக்காதவருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்ட நேரும். தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் விலக்கி வைத்தது இந்த வகையில் நியாயமே. ஆனால் எல்லா விலக்குக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பில் முழுதும் ஏன் வருவதில்லை

மக்களை அதிகம் கோபப்படுத்துவது நிராகரிப்பு அல்ல, வெட்டு. "ஐம்பதாயிரம் பில், முப்பத்தேழாயிரம்கூட முழுசாகத் தரவில்லை" என்பார்கள். நாலரை வயதான, 1,500 சிசிக்கு உட்பட்ட ஒரு கார் முன்பக்கமாக மோதியது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பம்பர் 12,000, பானெட் 14,000, முன் கண்ணாடி 8,000, பெயின்டிங் 10,000, கூலி 6,000. மொத்தம் 50,000 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதிதான் தரப்படும் என்பது விதி, ஆக 6,000. பானெட் உலோகம். உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிக்கப்படும். முதல் ஆறு மாதம் எதுவும் கழியாது. பிறகு படிப்படியாக ஏறி, நான்காம் ஆண்டு முடிந்து ஐந்து முடியும் வரை 35 சதவீதம், பத்து வயதைத் தாண்டினால் 50 சதவீதம். ஆக பானெட்டுக்கு 9,100. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. 8,000 முழுதும் வரும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள், 8,750 வரும். கூலி 6,000 முழுதும் வரும். கூட்டினால் 37,850. ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1,000 ரூபாய்; காரின் எஞ்சின் 1,500 சிசியைத் தாண்டியதாக இருந்தால் 2,000. அதையும் கழித்தால் கம்பெனி தருவது 36,850. உங்கள் கையிலிருந்து 13,150.

யாரும் திருடவில்லை. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் உங்களுக்கு எதிராக எதையும் எழுதவும் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள அட்டவணைதான் வேலை செய்தது. பழைய பம்பருக்குப் பதிலாகப் புதிய பம்பர் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையிலான மதிப்பை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. அந்த வித்தியாசத்தையும் கம்பெனியே ஏற்க வேண்டுமென்றால், கூடுதல் பிரீமியம் கட்டி நில் டெப் எனப்படும் தேய்மானமில்லாப் பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான கம்பெனிகள் காருக்குக் குறிப்பிட்ட வயது ஆனதும் அதைத் தருவதில்லை. ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம் என்றும் கட்டுப்படுத்துகின்றன.

கார் அடியோடு போனாலும் இதே கதைதான். வாங்கிய விலை திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கிடைப்பது ஐடிவி, அதாவது பாலிசி தொடங்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பு. தயாரிப்பாளர் அறிவித்த விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் போக மிஞ்சுவது அது. ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அதில் சேராது. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடித்துவிடுவார்கள். பத்து லட்சத்துக்கு வாங்கிய கார், ஐந்தாம் ஆண்டில் ஐந்து லட்சம். வங்கிக் கடன் அதற்கு மேல் பாக்கி இருந்தால் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். அப்படியிருந்தும் பிரீமியத்தில் சில நூறு குறைகிறது என்பதற்காக ஐடிவியைக் குறைத்துப் போடச் சொல்பவர்களும், கேட்காமலே குறைத்துப் போடும் முகவர்களும் இருக்கிறார்கள். கார் காணாமல்போகும் நாளில் அந்தச் சில நூறு பல்லாயிரம் ரூபாய் இழப்பாகத் திரும்பி வருகிறது.

பம்பர் டு பம்பர் என்ற மயக்கம்

நில் டெப் பாதுகாப்பைத்தான் ஊரில் பம்பர் டு பம்பர் என்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் முன்பம்பருக்கும் பின்பம்பருக்கும் நடுவே உள்ள எல்லாம், உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் உட்பட, அடங்கிவிட்டதாக ஒரு நினைப்பு. இந்த மயக்கம் எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததே சான்று.

ஈரோட்டிலிருந்து வந்த விபத்து வழக்கு அது. காருக்கு இருந்தது சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பாலிசி மட்டும். அதில் காருக்குள் பயணித்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த நிலைமையைக் கண்டு கவலைப்பட்ட நீதிமன்றம், 2021 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பம்பர் டு பம்பர் காப்பீட்டைக் கட்டாயமாக்கி, ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று ஆகஸ்டில் உத்தரவிட்டது. காப்பீட்டுத் துறை தன் சிக்கல்களை எடுத்துவைத்த பின், செப்டம்பரிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நீதிமன்றத்தின் கவலை முற்றிலும் நியாயமானது. காருக்குள் இருப்பவர் செத்தால் அவர் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காத பாலிசியோடு லட்சக்கணக்கான கார்கள் ஓடுவது சமூகத்துக்கே கேடு. ஆனால் அந்தக் கேட்டுக்கு மருந்து பம்பர் டு பம்பர் அல்ல. அந்தக் கூடுதல் பாதுகாப்பு பாகங்களின் தேய்மானக் கழிவை நீக்குவது. உயிரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நீதிமன்றம் வரை போன இந்தக் குழப்பத்துக்கு விற்பனைக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் பரப்பப்பட்ட பேச்சே காரணம் என்பேன்.

வெள்ளம் வந்தபோது

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க எந்தப் புத்தகமும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. வெள்ளம் பாலிசியின் பட்டியலில் இருக்கிறது. நிறுத்தி வைத்த கார் மூழ்கி இருக்கையும் வயரிங்கும் கெட்டுப்போனால் அது வெள்ளச் சேதம். தேய்மானம் போக மீதி கிடைக்க வேண்டும்.

சிக்கல் எஞ்சினில் வருகிறது. தேங்கிய நீருக்குள் காரை ஓட்டினாலோ, மூழ்கிய காரைத் தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தாலோ, காற்று போக வேண்டிய வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் நுழைகிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது உடைகிறது. பழுது பார்க்கும் செலவு லட்சத்தைத் தொடும். கம்பெனிகள் இதை வெள்ளம் செய்த நேரடிச் சேதமாக ஏற்பதில்லை. வெள்ளத்துக்குப் பின் உரிமையாளர் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு இழப்பு என்று தள்ளுகின்றன. எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இருந்தால்தான் பணம்.

ஆகவே தண்ணீர் ஏறிய காரில் சாவியைத் தொடக்கூடாது. தண்ணீர் எந்த அளவு ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். பாலிசி விற்கும்போது நம் ஊரில் இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மீது மரியாதைதான். தங்கள் பாலிசி எங்கே நிற்கும், எங்கே கைவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

தேர்ட் பார்ட்டி போதும் என்பவர்களுக்கு

இனி வெறுப்பவரிடம் வருகிறேன். "கார் சேதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். சட்டத்துக்குத் தேர்ட் பார்ட்டி போதும்" என்கிறார். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு அது ஆண்டுக்கு 3,416 ரூபாய். பேக்கேஜ் பாலிசியோடு ஒப்பிட்டால் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அவர் மிச்சப்படுத்துவது பம்பர் செலவை மட்டும் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது சாலையில் போகும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பை. அவர் இறந்தாலோ காயமடைந்தாலோ இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் உங்கள் காருக்குள் பின்னிருக்கையில் உட்கார்ந்து வரும் தங்கையும் மாமாவும் அலுவலக நண்பரும் அந்தக் குறைந்தபட்சப் பாலிசியில் தாமாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. பேக்கேஜ் பாலிசியில் சேர்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை மூலம் இதைக் கம்பெனிகளுக்குத் தெளிவாகச் சொன்னது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை உறுதி செய்தது: சட்டத்துக்கான பாலிசி வேறு, பேக்கேஜ் பாலிசி வேறு, பின்னதில் தனியார் காரில் பயணிப்பவருக்கான பொறுப்பு அடங்கும்.

இதை ஒருமுறை நின்று யோசிக்கச் சொல்கிறேன். திருமணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ குடும்பத்தோடு போகும் கார், உங்கள் தவறால் விபத்துக்குள்ளாகிறது. உடன் வந்த உறவினர் இறக்கிறார். அவர் குடும்பம் இழப்பீடு கேட்டால், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவர் தன் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கொடுக்க நேரலாம். பேக்கேஜ் பாலிசி போட்டவருக்கு அந்தப் பொறுப்பைக் கம்பெனி ஏற்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று பெருமை பேசுபவர் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவருக்கே தெரியாது. வெறுப்பவர் இதைத் தூக்கி எறிகிறார், அவருக்கும் தெரியாது.

ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துப் பாதுகாப்பும் இப்படித்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 2018-ல் இது உயர்த்தப்பட்டது. அதற்கு முன் காருக்கு இரண்டு லட்சம்தான். இது உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டும் உரியது. அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி இறந்தால் இந்தப் பதினைந்து லட்சம் வராது. வீட்டில் இன்னொருவரும் ஓட்டுகிறார் என்றால் அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும்.

"கம்பெனி எப்படியும் மறுத்துவிடும்" என்ற வாதமும் நிற்காது. காரணமில்லாத மறுப்புகளை நீதிமன்றங்கள் பலமுறை உடைத்திருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கான கார் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பறிபோன வழக்கில், பறிபோனதற்கும் அந்த மீறலுக்கும் தொடர்பில்லை என்று கூறி 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2008-ல். வாகனம் திருடு போனதும் போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தகவல் தாமதமானதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020-ல் சொன்னது. போராடாமல் விட்டுக்கொடுத்தவர்களின் கசப்பைக் கேட்டு மற்றவர்களும் பாதுகாப்பைக் கைவிடுவது வீண்.

மீறினால் யார் கட்டுவது

அதே நேரம், பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் செய்யலாம் என்பவருக்கும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு காரை வாடகைக்கான டி-போர்டு போலச் சவாரிக்கு விடுவது, உரிமம் இல்லாத தம்பியிடம் சாவியைக் கொடுப்பது, குடித்துவிட்டு ஓட்டுவது எல்லாம் ஒப்பந்தத்தை உடைப்பவை. காருக்கான பணம் போய்விடும் என்பதோடு இது நிற்பதில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004-லிருந்து நிலைபெற்ற நெறி. பாதிக்கப்பட்டவருக்கு அது நீதி. உரிமையாளருக்கு அது ஆயுள் முழுக்கக் கடன்.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விற்றவரின் பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு சட்டப்படி புதியவருக்கு மாறிவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படித் தானாக மாறாது என்று 1990-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கிய பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை மாற்றுவதில் காட்டும் அவசரத்தை இதில் யாரும் காட்டுவதில்லை.

புதுக் கார் வாங்குபவருக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. கோவை எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை 2018 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. காப்பீடில்லாத வாகனங்களால் நடுத்தெருவில் நின்ற குடும்பங்களுக்காக வந்த நல்ல உத்தரவு அது. ஆனால் அதோடு சேர்த்து விற்கப்படும் சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுதான். "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று இரண்டாம் ஆண்டில் நிம்மதியாக இருப்பவருக்குக் கையில் இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டுமே. சொந்தச் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமல் தொண்ணூறு நாள் தவறினால், கிளெய்ம் எடுக்காமல் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனசும் போய்விடும்.

படிக்காதது வாடிக்கையாளரின் குற்றமா

கம்பெனிகள் இதையெல்லாம் கேட்டால் தலையாட்டும். "நாங்களும் அதைத்தான் சொல்கிறோம், வாடிக்கையாளர் படிக்க வேண்டும்" என்பார்கள். இந்த வாதத்தையும் நான் ஏற்கவில்லை. வாசகம் ரகசியம் இல்லை என்று சொன்னேன். அதற்காக அது சொல்லப்பட்டது என்று ஆகிவிடாது. பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வரும், சட்ட ஆங்கிலத்தில் எழுதிய பல பக்கங்களைத் திருப்பூர் பனியன் வியாபாரியோ தஞ்சாவூர் விவசாயியோ படித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது நேர்மையான எதிர்பார்ப்பு அல்ல. விற்பவர் அதற்குக் கமிஷன் வாங்குகிறார். எது கிடைக்காது என்று சொல்வதும் அந்தக் கமிஷனுக்குள் அடங்கிய வேலைதான்.

2024 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கை, முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் தகவல் தாளைக் கொடுக்கச் சொல்கிறது. ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல தொடக்கம். தமிழ்நாட்டில் விற்கும் பாலிசிக்கு அந்தத் தாள் தமிழில், பணம் கட்டுவதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். வெள்ளம் ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் நகரங்களில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதைப் பின்விளைவு என்று விலக்கி வைப்பதற்குத் தேய்மானத்தை விலக்கும் நியாயம் இல்லை. அது நிச்சயமான செலவு அல்ல, நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற இழப்புதான். அதை அடிப்படைப் பாலிசிக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை, வேண்டாம் என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால் ஒழிய எஞ்சின் பாதுகாப்பு இல்லாமல் பாலிசி விற்கக் கூடாது என்ற விதியாவது வேண்டும்.

நம் பங்குக்கு நாமும் கேட்கப் பழக வேண்டும். ஐடிவி எவ்வளவு, ஏன் அவ்வளவு? சொந்தச் சேதப் பகுதி எந்தத் தேதியில் முடிகிறது? தேய்மானமும் எஞ்சினும் சேர்ந்திருக்கின்றனவா? உள்ளே பயணிப்பவருக்குப் பாதுகாப்பு உண்டா? வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு என்ன இருக்கிறது? டீலர் சொல்லும் கம்பெனியிலேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு, எழுத்தில் தர மறுப்பவரிடம் பாலிசி வாங்காதீர்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலை வாங்குங்கள். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றாலோ, பதில் நியாயமாக இல்லையென்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

குருட்டு நம்பிக்கையால் லாபம் அடைபவர் பாலிசியை விற்றுவிட்டு விலகிக்கொள்பவர். குருட்டு வெறுப்பால் நஷ்டம் அடைபவர் விபத்தில் காருக்குள் இருந்தவரின் மனைவியும் பிள்ளைகளும். என்ன வாங்கினோம் என்று தெரிந்துகொண்டு வாங்குவதும், அதில் உள்ளதைக் கடைசி ரூபாய் வரை உரிமையோடு கேட்பதும்தான் இரண்டுக்கும் மாற்று. பம்பருக்காகச் சர்வேயரோடு சண்டை போடும் அந்த ஆவேசத்தில் பாதியைப் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று விசாரிப்பதில் காட்டினால், இந்த மாநிலத்தில் எத்தனையோ குடும்பங்கள் விபத்துக்குப் பிறகும் தலைநிமிர்ந்து நிற்கும்.